கீழே யாரும் இல்லாத தரை

எங்கள் கல்கத்தா தமிழ்ச் சங்கத்து நடன வகுப்பில் இந்த வருடம் புதிதாக ஒரு படிவம் வந்திருக்கிறது. பாடம் முடிந்ததும் ஆசிரியை தனியாக உட்கார்ந்து, இன்று என்ன செய்தேன், எது நன்றாக அமைந்தது, அடுத்த முறை எதை மாற்றுவேன் என்று மூன்று கட்டங்களை நிரப்ப வேண்டுமாம். வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் சித்ரா, நிரப்பிய படிவங்களில் ஒரு கத்தையை எடுத்துக்கொண்டு லேக் கார்டன்ஸில் நான் இருக்கும் வீட்டுக்கு வந்தாள்.

“மாமி, இப்போ ரிஃப்ளெக்‌ஷன் கம்பல்சரி. டீச்சர் டிரெயினிங்ல அதுக்குத் தனியா மார்க். உங்க காலத்துல இதெல்லாம் ஏது? குச்சியைத் தட்டினோமா, முடிஞ்சுதான்னு இருந்திருக்கும். டீச்சர்ஸ் கேம்ப்ல வந்து அந்தக் காலத்தைப் பத்தி ஒரு பத்து நிமிஷம் பேசுங்கோளேன்.”

நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். வராது என்றேன். “அப்போ எழுதியாவது குடுங்கோ, சங்கத்து மலர்ல போட்டுடறேன்” என்று சொல்லிவிட்டு, காப்பியைப் பாதி குடித்துவிட்டுப் போய்விட்டாள். கத்தையை மறந்து வைத்துவிட்டாள். படித்துப் பார்த்தேன்.

‘வகுப்பு நன்றாக நடந்தது. குழந்தைகள் ஒத்துழைத்தார்கள். அடுத்த முறை இன்னும் நன்றாகச் செய்வேன்.’ அடுத்த தாளிலும் அதேதான். அதற்கடுத்ததிலும். ஒருத்தி ‘மேற்படி’ என்று போட்டு முடித்திருக்கிறாள். ஒரு குழந்தையின் பெயர் கிடையாது. ஒரு முழங்கால் கிடையாது, ஒரு குதிகால் கிடையாது. இத்தனை பேர் ஒரே கூடத்தில் நின்றிருக்கிறார்கள், யாரும் யாரையும் பார்க்கவில்லை.

‘உங்க காலத்துல இதெல்லாம் ஏது’ என்றாளே, அது இன்னும் தொண்டையில் நிற்கிறது. என் காலத்தில் இதைத் தவிர வேறெதுவும் இல்லையடி அம்மா. இது என் பிராணனை வாங்கிற்று. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். வாக்கியம் கோணலாக இருந்தால் சித்ரா திருத்திக்கொள்ளட்டும். குழந்தைகளைத் திருத்தத்தான் அவர்களுக்கு நேரமில்லை போலிருக்கிறது.

அப்பா இங்கே ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் கணக்கர். நான் பிறந்ததும் வளர்ந்ததும் பாலிகஞ்சில். பக்கத்து வீட்டில் வந்து தங்கியிருந்த ஒரு தஞ்சாவூர் நட்டுவனாரிடம் சின்ன வயதில் அடவுகள் கற்றேன்; கல்யாணத்தோடு அது நின்றது. பிறகு ஒரு டைபாய்டில், இங்கேயே வேலையாக இருந்த புருஷன் போய், அண்ணா வீட்டுக்குத் திரும்பினேன். மன்னி கெட்டவள் இல்லை. ஆனாலும் என்னைத் திருநெல்வேலிப் பக்கம் மாமனார் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று அண்ணாவிடம் அவள் சொல்வது அடுப்பங்கரை வரை கேட்கும். அந்த ஊரை நான் கண்ணால் பார்த்ததுகூட இல்லை.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று கல்கத்தா காலியானதே, அதற்குச் சில வருடங்கள் முந்தி நடந்த கதை இது. இரண்டு தெரு தள்ளி ஒரு வங்காளிப் பெண்மணி நாட்டியப் பள்ளி வைத்திருந்தார். தலைமை ஆசிரியையை இங்கே ‘பொடோதி’ என்பார்கள்; பெரிய அக்கா என்று அர்த்தம். நாங்களும் அப்படித்தான் கூப்பிட்டோம். தஞ்சாவூரில் பல வருடம் தங்கிக் கற்றுக்கொண்டு வந்தவர். தமிழ் பேசுவார். தஞ்சாவூர்த் தமிழை வங்காளத்தில் முக்கி எடுத்தாற்போல இருக்கும். என் பெயர் கோமதி. அவர் வாயில் கோமோதி.

ஆசிரியைகளைத் தயார் செய்வதற்கென்று பொடோதி இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டார். ஒருத்தி நீபா, வங்காளிப் பெண், எங்களோடு பழகித் தமிழும் பேசுகிற வாயாடி. இன்னொருத்தி நான். வருட முடிவில் நாங்கள் பழக்கிய குழந்தைகள் கமிட்டி முன்னால் ஆட வேண்டும். கமிட்டிக்குத் திருப்தி என்றால் வேலை உண்டு. இல்லையென்றால் எனக்குத் திருநெல்வேலி.

மன்னி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். “சொல்லிக் குடுத்துட்டு வா. மேடையேறினேன்னு காதுல விழுந்துது, அப்புறம் இந்த வாசல் உனக்கு இல்லை.”

மேடையா? வாசல் தாண்டினாலே தலையைக் குனிந்துகொள்கிறவள் நான்.

கமிட்டி என்பது பள்ளியின் வாடகையும் செலவும் கொடுத்து வந்த வக்கீல், டாக்டர் வகையறா. குடும்பத்துப் பெண்கள் தரையைத் தட்டி ஆடுவது அவர்களுக்கு உறுத்தல். வந்து எட்டிப் பார்க்கும்போதெல்லாம் “ஏக்டு ஆஸ்தே” என்பார்கள், கொஞ்சம் மெதுவாக என்று. தெருவுக்குச் சத்தம் போகக் கூடாது என்று ஜன்னல்களைச் சாத்தியே வைக்கச் சொல்லி உத்தரவு. வைசாக மாதத்து வெயிலில் சாத்திய கூடத்துக்குள் நாங்கள் வெந்தோம். எங்களை அதட்டுகிற பொடோதியின் குரல், கமிட்டிக்காரர் யாராவது வந்துவிட்டால் நூலாக இளைத்துவிடும்.

பாடம் முடிந்து குழந்தைகள் போனதும் எங்கள் தண்டனை ஆரம்பமாகும். பொடோதி தன் மோடாவை, பிரம்பு முக்காலியை, சுவரோரமாக இழுத்துப் போட்டு உட்காருவார். கையில் டீக் கோப்பை. குடிக்க மாட்டார், அது ஆறிக்கொண்டிருக்கும்.

“என்னா பார்த்தே, கோமோதி? ஷொல்லு.”

அவர் கேட்பது மூன்றே கேள்வி. என்ன பார்த்தாய்? ஏன் அப்படி? நாளைக்கு முதலில் என்ன? கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. நன்றாக ஆடினாள், மோசமாக ஆடினாள், கெட்டிக்காரி, சோம்பேறி என்ற வார்த்தைகள் வாயில் வரக் கூடாது. வந்தால் உள்ளங்கையை உயர்த்தி நிறுத்துவார். “அது உன் மனஷு. அந்தப் பொண்ணோட கால் இல்லை.”

நீபா ஆறு மாதிரிப் பேசுவாள். ஒருநாள் “இன்னிக்கு எல்லோருக்கும் லயம் கூடியிருக்கு பொடோதி” என்று ஆரம்பித்தாள். பொடோதி என்னைத் திரும்பிப் பார்த்தார். “கோமோதி, எல்லோரும்னு ஒரு பொண்ணு நம்ம கிளாஸ்ல இருக்காளா? எனக்குத் தெரியாம எப்போ சேர்த்தீங்க?”

எனக்குப் பேச்சு வராது. அதற்கும் அவர் வழி வைத்திருந்தார். பேச வராதா, எழுந்து அந்தக் குழந்தை மாதிரி ஆடு. நீ கற்றுக்கொடுத்ததை இல்லை. அவள் ஆடியதை, அவள் கோணலோடு. ‘ஏன்’ என்ற கேள்வி வரும்போது “முழங்காலைக் கேளு” என்பார். வீட்டில் அரிசி களைந்து வைக்க வேண்டும், மன்னியின் முகம் கடுகடுத்துக்கொண்டிருக்கும், இங்கே நான் முழங்காலைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஆரம்பத்தில் நான் குழந்தைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் சொல்லிக்கொடுத்தேன். எதிரே நின்றால் வலதுகை இடதுகையாகக் குழம்பும், முன்னால் நின்று ஆடினால் பார்த்துச் செய்வார்கள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அத்தனை கண்களும் என் முகத்தைப் பார்க்குமே என்ற கூச்சம்தான் விஷயம். பொடோதி கொஞ்ச நாள் விட்டுவைத்தார். ஒருநாள் என்னை ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு என் வரிசையை மட்டும் ஆடவிட்டார். ஆடின குழந்தைகள் ஒவ்வொரு அடவும் முடிந்ததும் இடது தோளை ஒரு தூக்குத் தூக்கி, இல்லாத புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டன. எல்லாம் கவுன் போட்ட குழந்தைகள்! நீபா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“கோமோதி, இந்த அடவு எந்த ஊர்ப் பாணி? நம்ம தஞ்சாவூர்ல நான் பார்த்ததில்லையே” என்றார் பொடோதி, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

மறுநாளிலிருந்து எதிரே திரும்பி நின்றேன். ரவிக்கை முதுகெல்லாம் வேர்வை.

அப்படித் திரும்பி நின்றதால்தான் ராஜி கண்ணில் பட்டாள். ராஜி தமிழ்ப் பெண், ஒன்பது வயசு இருக்கும், அப்பா பாங்கில் ஆபீசர். அரைமண்டி சுத்தம், கை சுத்தம், தாளம் துளி பிசகாது. காலில் மட்டும் சத்தம் வராது. வரிசை முழுக்க ‘தெய்யா தெய்’ என்று தட்டும்போது, அவள் நிற்கிற இடம் பல் விழுந்த இடம் மாதிரி ஓட்டையாகக் கேட்கும். “காலா, பஞ்சா?” என்று நான் கேட்டால் மற்றக் குழந்தைகள் சிரிக்கும். ராஜி தலையைக் குனிந்துகொண்டு மறுபடியும் சத்தமில்லாமல் ஆடுவாள்.

“என்னா பார்த்தே?”

“ராஜி தட்டவே மாட்டேங்கறா.”

“அவ செய்யாததைச் ஷொல்றே. செய்யறதைச் ஷொல்லு.”

எழுந்து ஆடிக் காட்டினேன், காலைத் தொளதொளவென்று போட்டு. உள்ளங்கை உயர்ந்தது. “நீ சோம்பேறியை ஆடறே. நான் ராஜியைக் கேட்டேன்.”

மறுநாளும் இதே. அதற்கு மறுநாளும். கமிட்டி பார்க்க வரும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த ஒருத்தியால் என் வரிசை கெட்டு, நான் ரயில் ஏற வேண்டுமா? பொறுக்க முடியாமல் கேட்டேன்: “ராஜியை வரிசையிலேருந்து எடுத்துடட்டுமா பொடோதி?”

“எடு. என்னா பார்த்தேன்னு ஷொல்லிட்டு எடு.”

அப்படி ஒரு கோபம் வந்தது எனக்கு. மறுநாள் வகுப்பில் தரையில் உட்கார்ந்து, கன்னம் தரையில் படுகிற மாதிரி குனிந்து, ராஜியின் பாதத்தை மட்டும் பார்த்தேன். கால் பின்னால் நன்றாக உயர்ந்தது. மற்றவர்களைவிட வேகமாக இறங்கியது. தரைக்கு ஒரு விரல்கடை மேலே வந்ததும் அப்படியே பிடித்து நிறுத்தி, முன்பாதத்தை முதலில் வைத்து, குதிகாலைப் பூ வைக்கிற மாதிரி வைத்தாள்.

அன்றைக்கு அதை ஆடிக் காட்டினேன். பொடோதி நிமிர்ந்து உட்கார்ந்தார். “இன்னொரு தரம்.” ஆடினேன். “இன்னொரு தரம்.” கெண்டைச் சதை பிடித்துக்கொண்டுவிட்டது. தரையில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டேன்.

“ஏன் அப்படி?”

“சோம்பேறியா இருந்தா இப்படி வலிக்காது” என்றேன். “தட்டறதைவிட இதுதான் கஷ்டம். அவ மெனக்கெட்டு நிறுத்தறா.”

“நாளைக்கு முதல்ல என்னா?”

“அவாத்துக்குப் போறேன்.”

அன்றைக்குத்தான் அவர் டீயைச் சூடாகக் குடித்து நான் பார்த்தது.

ராஜியின் வீடு ஏரிக்குப் போகிற வழியில், மாடியில். கதவைத் திறந்ததும் அவள் அம்மா வாயில் விரலை வைத்தாள். “வா கோமு. மெதுவா வா. கீழே இருக்கார்.”

கீழே இருந்தவர் வீட்டுச் சொந்தக்காரர், வயசானவர். மேலே கொஞ்சம் சத்தம் கேட்டாலும் குடைக் கம்பால் தன் கூரையை இடிப்பாராம். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அடுக்களையில் ஒரு தட்டு விழுந்தது. உடனே எங்கள் காலடியில் டொக், டொக். ராஜியின் அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அது நின்றதும் சாதாரணமாகச் சொன்னாள்: “அதான் ராஜியை ஆத்துல பூனை மாதிரி ஆடுன்னு சொல்லியிருக்கேன். தினம் விடாம ஆடறது குழந்தை. கிளாஸ்ல நன்னா ஆடறாளோல்லியோ?”

நானும் பூனை மாதிரிப் படியிறங்கி வந்தேன்.

மறுநாள் ராஜி வந்ததும் கூடத்தின் நடுவில் நிறுத்திக் கேட்டேன். “ராஜி, இதுக்குக் கீழே யார் இருக்கா?”

யோசித்தாள். “யாரு மாமி?”

“யாரும் இல்லை. மண்ணுதான்.”

நம்பவில்லை. கையைப் பிடித்து வெளியே அழைத்துப் போய், கட்டடத்தைச் சுற்றிக் காட்டினேன். கீழே போக வாசல் இல்லை, ஜன்னல் இல்லை, படி இல்லை. திரும்பி வந்து நின்றாள். என்னைப் பார்த்தாள். காலைத் தூக்கி ஒரு தட்டு தட்டினாள் பாருங்கள், மேலே காற்றுப் போக வைத்திருந்த துவாரத்திலிருந்து புறாக்கள் படபடவென்று பறந்தன. அவளே திகைத்துப் போய்த் தரையைப் பார்த்தாள், டொக் டொக்குக்குக் காத்திருந்தாள். வரவில்லை. இன்னொரு தட்டு. அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வாரமே ராஜியின் அம்மா பள்ளிக்கே வந்து நின்றாள்.

“நீ நன்னா இருப்பே கோமு! நேத்திக்கு ஆத்துல மறந்துபோய் ‘தெய்யா தெய்’னு ஒரே போடு போட்டுட்டா. இந்தத் தரம் குடையால இடிக்கலை, மனுஷன் தானே படியேறி வந்துட்டார். வேற வீடு பார்த்துக்கோங்கறார். ஏரிப் பக்கம் இனிமே எங்களுக்கு யாருடி வீடு தருவா? ராஜி அப்பா சொல்லிட்டார், டான்ஸும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்னு!”

அவள் போனாள். குழந்தைகளும் போயின. பொடோதி வழக்கம்போல மோடாவில் உட்கார்ந்து, வழக்கம்போலக் கேட்டார்.

“என்னா பார்த்தே?”

அதுவரை அந்தக் கூடத்தில் என் குரலை யாரும் சரியாகக் கேட்டதில்லை. “தினம் தினம் என்ன பார்த்தே, என்ன பார்த்தேன்னு கேக்கறேளே! பார்த்தேன். சரி பண்ணினேன். இப்போ அவா தெருவுல நிக்கப் போறா. நாளைக்கு முதல்ல என்னன்னு நீங்களே சொல்லுங்கோ!”

நீபா சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

“எனக்குத் தெரியாது” என்றார் பொடோதி.

அவ்வளவுதான். எழுந்து உள்ளே போய்விட்டார். வழியெல்லாம் பொருமிக்கொண்டே நடந்தேன். தெரியாது என்று சொல்வதற்கு ஒரு பொடோதி எதற்கு?

மறுநாள் ராஜியின் அம்மாவிடம் கெஞ்சிப் பார்ப்பது என்று மாடியேறினேன். ராஜி கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் தலையணை. உதடு ‘தெய்யா தெய்’ என்று அசைகிறது, இரண்டு உள்ளங்கையும் மாறி மாறித் தலையணையில் விழுகின்றன. பாதம் எப்படி விழ வேண்டுமோ அப்படி, முழுசாக, ஒரே சமயத்தில். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

“கையால ஆடறேன் மாமி. கீழே கேக்காது.”

இன்னொரு தலையணையை எடுத்து வைத்துக்கொண்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். தட்டடவு முழுவதையும் மூன்று காலத்திலும் அடித்தோம். ராஜியின் அம்மா வாசற்படியில் நின்று, கீழே காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு டொக்கும் இல்லை.

“இதுன்னா சரி” என்றாள் கடைசியில். “கீழே இருக்கறவருக்கு ரவா லாடு பண்ணிக் குடுத்து நான் பேசறேன். இவ அப்பாவையும் பார்த்துக்கறேன். ஆனா கோமு, காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிடப்படாது, சொல்லிட்டேன்.”

லாடு வேலை செய்தது. ராஜி வகுப்புக்கு வந்தாள். வீட்டில் கை கற்றுக்கொண்டதைக் கூடத்தில் கால் செய்தது.

கமிட்டி நாளும் வந்தது. நான் ஓரமாக உட்கார்ந்து கழியால் கட்டையில் தட்டிக்கொண்டிருந்தேன், குழந்தைகள் ஆடினார்கள், எதிரே நாற்காலிகளில் பெரிய மனிதர்கள், நடுவே மோடாவில் பொடோதி. ராஜி வரிசையின் ஓரத்தில் நின்று தரையைப் பேசவைத்தாள். பாதியில் ஒருவர் கையை அமர்த்தி “ஏக்டு ஆஸ்தே” என்றார். பொடோதி அவரைப் பார்த்துப் பணிவாகச் சிரித்தார். குழந்தைகள் நிறுத்தவில்லை. முடிந்ததும் தலைவர், நீபாவுக்கும் எனக்கும் வேலை உண்டு என்றார். ஓரத்துப் பெண் மட்டும் கொஞ்சம் மெதுவாகத் தட்டினால் நல்லது என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

எல்லோரும் போன பிறகு, இன்றைக்காவது ஒரு நல்ல வார்த்தை வரும் என்று நின்றேன். சாத்திய ஜன்னல்களுக்கு நடுவே அந்தப் புழுக்கத்தில் மோடா சுவரோரம் போனது.

“என்னா பார்த்தே, கோமோதி?”

வேலை கிடைத்த அன்றைக்குமா! எரிச்சலில் எனக்குக் கூச்சம்கூட மறந்துவிட்டது. இன்னொரு மோடாவை இழுத்து எதிரே போட்டு உட்கார்ந்தேன். முதுகை நேராக்கினேன். கைகளை மடியில் கோத்துக்கொண்டேன். காலி நாற்காலிகளைப் பார்த்துப் பணிவாக ஒரு சிரிப்புச் சிரித்தேன். புடவைக் கரைக்குக் கீழே வலது காலை மட்டும் தாளத்துக்குத் தூக்கித் தூக்கி இறக்கினேன். தெய்யா தெய். ஒவ்வொரு தடவையும் தரைக்கு ஒரு விரல்கடை மேலே நிறுத்தி, சத்தமில்லாமல் வைத்தேன். நான் கட்டையில் தட்டிய நேரமெல்லாம் பொடோதியிடம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீபா வாயைப் பொத்திக்கொண்டாள். பொடோதி என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏன் அப்படி?” என்றார். குரல் நூலாக இருந்தது.

“உங்களுக்கும் கீழே யாரோ இருக்கா, பொடோதி.”

உள்ளங்கை உயரும் என்று காத்திருந்தேன். உயரவில்லை. கோப்பையைத் தரையில் வைத்தார். உட்கார்ந்தபடியே காலைத் தூக்கி, முழுப் பாதமும் விழ ஒரு தட்டு தட்டினார். கோப்பை கவிழ்ந்து டீ ஓடியது. அதைப் பார்த்துக்கொண்டே இன்னொரு தட்டு.

“நீபா,” என்றார், “ஜன்னலைத் தொற. எல்லாத்தையும்.”

நாளைக்கு முதலில் என்ன என்று அன்றைக்கு அவர் கேட்கவில்லை. அதற்குப் பிறகு, நான் அங்கே வேலை பார்த்தவரை, அந்த ஜன்னல்களை யாரும் சாத்தியதில்லை. கமிட்டியில் யார் யார் என்னென்ன சொன்னார்கள் என்பது பொடோதிக்குத்தான் தெரியும்.

சித்ரா, நீ விட்டுப்போன கத்தையில் நிரப்பாத தாள் ஒன்று இருக்கிறது. இதையெல்லாம் அதில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று வந்து சொல்லிவிட்டுப் போ.